நசியாத தேசிக்காய்

சென்ற ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமையன்று எங்கள் பிள்ளையார் கோயில் வாசலில் நிகழ்ந்த விபத்துக்குச் சகுனமே காரணம் என்று இன்றுவரை சொல்லித் திரிவோர் உளர். அவர்கள் மீது எனக்கு அடங்காத சினம் உண்டு. சகுனம் எதுவும் அன்று அங்கே வரவில்லை. நான் போயிருந்தேன், அவ்வளவே.

இரவிச்சந்திரன் இருபத்தேழு ஆண்டுகள் பாரவூர்தி ஓட்டியவர். ஹலிபக்ஸ் துறைமுகத்திலிருந்து டெக்சஸ் வரையில் அவருடைய சில்லுப் படாத பெருந்தெரு இல்லை. அதே இருபத்தேழு ஆண்டுகளும் அவர் மனைவி புஷ்பராணி மொன்ட்ரியாலின் ஷபனேல் தெருத் தையற்கூடமொன்றில் குளிர்ச்சட்டைகளுக்கு ஸிப் தைத்துக்கொண்டிருந்தார். கணவர் கண்ட கடல்களையெல்லாம் அவர் தொலைபேசியிற் கேட்டார். ஓய்வுபெறும் நாளில் அத்தனையையும் காட்டுவேன் என்று கணவர் சொல்லிவந்தார். சொன்னபடியே, இவ்வாண்டுத் தொடக்கத்தில், சென்-யூஸ்ராஷ் ஊரில் ஒரு முதிய பிரெஞ்சுத் தம்பதியரிடமிருந்து முப்பத்திரண்டு அடி நீளமான வீட்டுவண்டி ஒன்றை வாங்கினார். மோட்டர்ஹோம் என்று எல்லோரும் அழைக்கும் அவ்வண்டியினுள்ளே படுக்கை, அடுப்பு, குளியலறை யாவும் இருந்தன. பெர்சே என்னும் ஊரில், கடல் தெரியும் முகாமொன்றில், இரண்டு கிழமைக்கு இடமும் பிடித்துவைத்தார்.

வண்டி தனியே போவதாக இல்லை. அதன் பின்சுவரோடு பொருத்திய இரும்புத் தட்டின் மீது இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. ஒன்று இரவிச்சந்திரனுடையது. மற்றது புஷ்பராணியின் சிவப்பு ஸ்கூட்டர். ஐம்பத்தேழாம் வயதில் அதற்கென்று படித்து, பிரெஞ்சு மொழியில் எழுத்துச் சோதனை எழுதி, இரண்டாம் முறையில் சித்தியடைந்து அனுமதிப்பத்திரம் பெற்றவர் அவர். “கண்ணாடிக்குள்ளாலை பாக்கிறதும் ஒரு பார்வையோ மாஸ்டர்?” என்று, ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய என்னிடம் ஒருமுறை கேட்டார். தட்டுக்குக் கீழே, இரண்டு இரும்புக் கைகளாற் பிணைக்கப்பட்டு, நான்கு சில்லும் நிலத்தில் உருள, ஒரு சிறிய கார் பின்தொடரும். கார் இவ்விருவரின் விருப்பமன்று. புஷ்பராணியின் தமக்கை சிவநேசத்தின் கட்டளை. “ஆருக்கும் ஒரு வருத்தம் வந்தால் வீட்டையோ ஆசுப்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போவியள்?” என்று அவர் கேட்டார். காரை வாங்கிப் பின்னே பூட்டினார்கள்.

ஆடி பிறந்தால் புது வண்டிக்குப் பூசை செய்தல் ஆகாது. ஆகவே அந்த வெள்ளிக்கிழமை காலை, இந்த நீண்ட தொடர் மொன்ட்ரியால்-நோரில் உள்ள எங்கள் கோயிலுக்கு வந்து சேர்ந்தது. தொழிற்சாலையாய் இருந்து கோயிலாகிய கட்டடம் அது. வாசலிற் கோலமிட்டிருந்தார்கள். முப்பது பேர் கூடிவிட்டனர். பூசைக்கு இவ்வளவு நீளமான பொருள் அங்கே ஒருநாளும் வந்ததில்லை.

சில்லுக்கு வைத்து நசிக்கும் எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய், எத்தனை என்பதில் முதல் தர்க்கம் எழுந்தது. வண்டிக்கு நான்கு போதும் என்றார் ஐயர். காரும் புறப்படுகிறதே, அதற்கும் நான்கு வேண்டும் என்றேன் நான். கோயில் நிருவாக சபையில் ஒன்பது ஆண்டு செயலாளராய் இருந்தவனின் சொல் என்பதால் எட்டுத் தேசிக்காய்கள் எட்டுச் சில்லுகளின் முன் வைக்கப்பட்டன.

“மாஸ்டர், என்ரை ஸ்கூட்டருக்கு?” என்றார் புஷ்பராணி, பூசைத் தட்டில் இருந்து ஒன்பதாவதைக் கையில் எடுத்துக்கொண்டு.

“நிலத்திலை முட்டாத சில்லுக்கு என்னத்துக்குப் பிள்ளை தேசிக்காய்?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தேசிக்காயைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டார்.

கற்பூரம் காட்டப்பட்டது. தேங்காய் நேர்த்தியாக உடைந்தது. இரவிச்சந்திரன் வண்டியை முன்னே எடுத்தார். ஏழு தேசிக்காய்கள் நசிந்தன. வண்டியின் முன் இடச் சில்லின் கீழ் இருந்த எட்டாவது, நசியாமல் வழுக்கி, கோலத்தைக் கடந்து, தார் நிலத்தில் ஓரமாய் உருண்டுபோய் நின்றது. பச்சை மாறாமல், ஒரு கீறலும் இல்லாமல் அது அங்கே கிடந்தது.

“ஐயோ” என்றார் சிவநேசம்.

“பரவாயில்லை, அதை எடுத்துச் சில்லுக்கு முன்னாலை வைச்சிட்டு இன்னும் கொஞ்சம் விடட்டும்,” என்றார் ஐயர். அவர் இளைஞர், நியாயமாகவே பேசினார்.

“வாசலிலை நசியவேண்டியது றோட்டிலை நசிஞ்சு என்ன பலன்?” என்றேன் நான். “பிள்ளையாருக்கு நேரை, கோலத்துக்கு மேலைதான் நசியவேணும்.” இப்படி ஒரு விதி எந்த நூலில் உள்ளது என்று எவரேனும் கேட்டிருந்தால் நான் திகைத்திருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

வண்டியைச் சுற்றிச் சென்று, ஓட்டுநர் ஆசனத்து யன்னலருகே நின்றேன். கோயில் மணி ஒலித்துக்கொண்டிருந்தது.

“தம்பி, ஒரு முழம் பின்னுக்கு எடும்.”

“ஏலாது மாஸ்டர். கார் பூட்டிக் கிடக்கு.”

“ஒரு முழந்தானே!”

“இது முழக்கணக்கில்லை மாஸ்டர். காரைக் கழட்டாமல் பின்னுக்கு எடுக்க ஏலாது. கழட்டக் கால் மணித்தியாலம் வேணும்.”

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து இருபத்திரண்டு. பத்தரைக்கு இராகு காலம் பிறக்கிறது.

“நேரம் போகுது காணும். ஐயர் நிக்கிறார். சனம் பாத்துக்கொண்டு நிக்குது. லொறி ஓடின மனிசனுக்கு ஒரு முழம் எடுக்கத் தெரியாதோ?”

“ஏலாது மாஸ்டர்…”

“எடும் காணும்!”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார். பிறகு எடுத்தார்.

இழுக்கும்போது ஒழுங்காய்ப் பின்வரும் கார், தள்ளும்போது என்ன செய்யும் என்பதை அன்று கண்டேன். ஓட்டுவோரில்லாத அதன் முன்சில்லுகள் இரண்டும் ஒருபுறமாய் முழுவதும் முறுகின. கார் பின்னே போகாமல் பக்கவாட்டிற் சரிந்து, வரமாட்டேன் என்று கால் ஊன்றியது. அதற்குப் பின் ஓர் ஓசை. இரும்பு வளையும் ஓசை. இணைப்புக் கைகளில் ஒன்று முழங்கை மடிந்தாற்போல் மடிந்திருந்தது. காரின் முகப்பு பிளந்து தொங்கியது. மேலே தட்டில் நின்ற இரு மோட்டார் சைக்கிள்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நசியாத தேசிக்காய்க்கும் ஒன்றும் ஆகவில்லை.

“பிள்ளையாரே! வாசலிலை வைச்சே காட்டிப் போட்டாரே!” என்று சிவநேசம் தலையிற் கைவைத்தார்.

“இருபத்தேழு வருசம் ஓடினவராம், பின்னுக்கு எடுக்கத் தெரியேல்லை!” என்றார் தியாகராசா. கோயில் விழாக்களையெல்லாம் கைத்தொலைபேசியிற் படம்பிடிப்பவர் அவர், அன்றும் பிடித்துக்கொண்டிருந்தார். சிலர் சிரித்தனர்.

இரவிச்சந்திரன் இறங்கிவந்து, மடிந்த இரும்பைத் தொட்டுப் பார்த்தார். முப்பது பேர் முன்னிலையில், “என்ரை பிழைதான்,” என்றார்.

நான் வாய் திறந்திருக்க வேண்டிய கணம் அது. கையை முதுகின் பின்னே கட்டிக்கொண்டு, மற்றவர்களைப் போலவே நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தார் நிலத்திற் கிடந்த தேசிக்காயை எவரும் தொடவில்லை. கடைசியில் புஷ்பராணி குனிந்து எடுத்ததைக் கண்டேன்.

அதன் பின் வந்த நாள்களில் நடந்தவற்றை நினைத்தால் இப்போதும் எனக்குச் சினம் மூள்கிறது. பன்னிரண்டு விநாடிக் காணொளி ஒன்று வட்சப்பில் லவாலிலிருந்து ஸ்காபரோ வரைக்கும் போயிற்று. கார் சரிவதும், இரும்பு மடிவதும், சிவநேசம் தலையிற் கைவைப்பதும் அதில் இருந்தன. “பெருமைக்கு வாங்கினால் பிள்ளையார் விடுவாரோ” என்று ஒருவர் எழுதினார். அவரே சென்ற ஆண்டு இரண்டாவது வீடு வாங்கியவர்! “நல்ல நேரம் பாத்தும் இப்பிடியெண்டால் ஏதோ பெரிசா வரப்போகுது” என்று எழுதினார் இன்னொருவர். எவரும் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாதிருந்தமை முதல் இரண்டு நாள் எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

புதன்கிழமை தமிழ்க் கடையில், மரக்கறித் தட்டுகளுக்கு நடுவே, இரவிச்சந்திரனைக் கண்டேன்.

“என்ன மாதிரித் தம்பி, பயணம்?”

“அவ வரமாட்டனெண்டிட்டா மாஸ்டர். அக்கா அந்த வெள்ளியிலையிருந்து எங்கடை வீட்டிலைதான் நிக்கிறா. போனால் ரெண்டு பேரும் பெட்டியிலைதான் வருவியளெண்டு தொடங்கினா, அவவும் என்ன செய்யிறது.” அவர் ஒரு கத்தரிக்காயை எடுத்துத் திருப்பிப் பார்த்து வைத்தார். “வெள்ளி பின்னேரத்துக்குள்ளை வாறமோ இல்லையோ எண்டு முகாமுக்குச் சொல்லவேணும். சொல்லாட்டி வேறை ஆக்களுக்குக் குடுத்திடுவாங்கள். இனி ஏன் மாஸ்டர்? வண்டியை வித்துப்போடுவம் எண்டு யோசிக்கிறன். ஞாயிற்றுக்கிழமை போர்டு போடப்போறன்.”

“அண்டைக்குக் கோயில் வாசலிலை நான் சொன்னதை…”

“அதை விடுங்கோ மாஸ்டர். சுகமா இருக்கிறியளோ?”

அவர் போய்விட்டார். என் உடல்நலத்தை விசாரித்துவிட்டுப் போனார்! அஹுன்ட்சிக்கில் என் வீட்டுக்குத் திரும்பியதும் தியாகராசாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“தியாகராசா, நீர் பரப்பின படம் தொடக்கத்திலையிருந்து இல்லை. முழுப்படம் எங்கை?”

“இருக்கு மாஸ்டர். நான்தான் முன்பக்கத்தை வெட்டினனான்.”

“ஏன் வெட்டினீர்?”

“உங்கடை குரல் இருந்தது மாஸ்டர். நான் அந்த யன்னலுக்குப் பக்கத்திலைதானே நிண்டனான். படிச்ச மனிசர், வயது போன ஆள், உங்களைச் சனம் பகிடி பண்ணக்கூடாதெண்டு… ஒரு மரியாதைக்கு.”

என் மரியாதையைக் காப்பதற்கு இன்னொருவனின் இருபத்தேழு ஆண்டுத் தொழிலை வெட்டி எறிந்திருக்கிறார்கள்! அதை நான் அவரிடம் உரத்த குரலிற் சொன்னேன். சொல்லும்போதே, அந்தக் கத்தரிக்கோலின் மற்றப் பிடி என் கையில் இருந்ததை உணர்ந்தேன். முழுப்படத்தையும் உடனே அனுப்புமாறு சொல்லி வைத்தேன்.

மறுநாள் வியாழன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மெட்ரோ ஏறி, மொன்மோரென்சியில் இறங்கி, பேருந்து பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். வீட்டுவண்டி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. கார் ஒரு பக்கமாகத் தனியே கிடந்தது. இரவிச்சந்திரன் தட்டிலிருந்து மோட்டார் சைக்கிள்களை இறக்கிக்கொண்டிருந்தார், விற்பதற்கு ஆயத்தம். ஸ்கூட்டர் ஏற்கெனவே வாசற்பாதையில் நின்றது.

“வாங்கோ மாஸ்டர். உள்ளுக்கு வந்து பாருங்கோவன். நீங்கள் இன்னும் பாக்கேல்லைத்தானே?”

ஏறினேன். உள்ளே எல்லாம் துப்புரவாக இருந்தது. தேநீர்க் குவளைகள் குலுங்காதிருக்கத் துணி சுற்றி அடுக்கப்பட்டிருந்தன. ஓட்டுநர் ஆசனத்தின் முன், வெயில் மறைப்பிலே, ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. நீல மையில், பெரிய எழுத்தில், தமிழில் எழுதியிருந்தது: “கார் பூட்டியிருந்தால் பின்னுக்கு எடுக்கக் கூடாது. ஓர் அடியும் கூடாது.”

“வண்டியை விக்கேக்கை அந்தப் பிரெஞ்சுக் கிழவன் மூண்டு தரம் சொல்லித் தந்தவன்,” என்றார் இரவிச்சந்திரன். “மறந்திடுவன் எண்டு எழுதி ஒட்டினனான்.”

“அண்டைக்கு இதை வாசிச்சுக்கொண்டே எடுத்தனீரோ?”

“ஓம்.”

“ஏன் காணும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, நான்தான் சொன்னனான் எண்டு?”

“ஸ்ரியரிங்கைப் பிடிச்சது நீங்களோ மாஸ்டர்? ஓடுறவன் ஏலாதெண்டால் ஏலாது. எத்தினை முதலாளியளுக்கு அப்பிடிச் சொல்லியிருக்கிறன். அண்டைக்குக் கோயிலிலை, அத்தினை பேருக்கு முன்னாலை, உங்களைப் பாத்துச் சொல்ல வாய் வரேல்லை. அது என்ரை பிழைதானே.”

இதற்கு மேல் அந்த வண்டிக்குள் நிற்க என்னால் முடியவில்லை. இறங்கி வீட்டினுள்ளே போனேன். புஷ்பராணி குசினி மேசையருகே அமர்ந்திருந்தார். எதிரே சிவநேசம் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“பிள்ளை,” என்றேன். “அண்டைக்கு நடந்தது சகுனமில்லை. உம்மடை மனிசன்ரை பிழையுமில்லை. அவர் ஏலாதெண்டவர். நான்தான் அதட்டி எடுக்கச் சொன்னனான்.”

சிவநேசம் தலை நிமிராமலே சொன்னார்: “மாஸ்டர், உங்கடை நல்ல மனம் எங்களுக்குத் தெரியும். அவரைக் காப்பாத்த உங்கடை தலையிலை போடுறியள்.”

“நான் பொய் சொல்லுறனெண்டு சொல்லுறீரோ?”

“ஐயோ, அப்பிடிச் சொல்லுவனே? நீங்கள் அப்பிடிப் பிழை விடுற ஆளில்லை எண்டுதான் சொல்லுறன்.”

நான் கைத்தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்தேன். தியாகராசா அனுப்பியிருந்த முழுப்படம் ஓடியது. மணியோசைக்கு நடுவே என் குரல், வகுப்பறையில் கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் கேட்கும்படி பழகிய குரல், தெளிவாய்க் கேட்டது. ‘ஒரு முழந்தானே!’ ‘ஒரு முழம் எடுக்கத் தெரியாதோ?’ ‘எடும் காணும்!’ என் குரலை நான் அதற்கு முன் வெளியே நின்று கேட்டதில்லை. எழுபத்தாறு வயதில் முதன்முறையாகக் கேட்டேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

சிவநேசத்தின் விரல்கள் இலைக்காம்பில் நின்றன. புஷ்பராணி படத்தைத் திரும்பவும் ஓடவிட்டார். மூன்றாம் முறையும் ஓடவிட்டார்.

“எண்ணினியோ அக்கா?” என்றார்.

“எதை?”

“மூண்டு தரம் ஏலாதெண்டு சொல்லியிருக்கிறார். கலியாணம் கட்டி முப்பத்தோரு வருசம், என்னட்டை ஒரு விசியத்தை இந்த மனிசன் ரெண்டாந்தரம் சொன்னதில்லை.” பிறகு என்னைப் பார்த்தார். நான் எதிர்பார்த்த கோபம் அந்த முகத்தில் இருந்தது, உடனே போகவுமில்லை. “ஆறு நாள் மாஸ்டர். ஆறு நாளா இவர் வாய் துறக்காமல் அந்தக் கண்டறியாத படத்துக்குக் கீழை சனம் எழுதினதையெல்லாம் வாசிச்சுக்கொண்டு இருந்தவர்.”

“ஓம் பிள்ளை. என்னை மன்னிக்கவேணும்.”

அவர் எழுந்துபோய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்தார். முட்டை வைக்கும் தட்டிலே, ஆறு முட்டைகளுக்குப் பக்கத்தில், அந்தத் தேசிக்காய் இருந்தது. சாமியறையில் வைக்கவும் மனம் வரவில்லை, குப்பையிற் போடவும் மனம் வரவில்லை போலும். அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நாங்கள் பின்னே போனோம்.

ஸ்கூட்டரின் முன்சில்லுக்கு முன்னே குனிந்து வைத்தார். வழுக்காதிருக்க இருபுறமும் இரண்டு சிறு கற்களை அணைத்தார். இதை அன்று நாங்கள் எவரும் செய்யவில்லை.

“ராணி! இப்ப என்ன நேரமெண்டு தெரியுமோ? ரெண்டு மணி! வியாழக்கிழமை ராகு காலம்!” என்றார் சிவநேசம்.

“ஸ்கூட்டருக்கு நேரம் பாக்கத் தேவையில்லை அக்கா. தேசிக்காயே தேவையில்லை எண்டு மாஸ்டர் அண்டைக்குத் தீர்ப்புச் சொன்னவர்.”

தலைக்கவசத்தை மாட்டினார். விசையை முடுக்கினார். ஒரு சிறிய ஓசை கேட்டது. புளிப்பு மணம் வந்தது. அவ்வளவுதான். சிவப்பு ஸ்கூட்டர் தெருவில் இறங்கி, மூலையில் உள்ள டெபனர் என்னும் சில்லறைக் கடை வரைக்கும் போய், வளைந்து திரும்பி வந்து நின்றது. இரவிச்சந்திரன் கையில் சாவியோடு அசையாமல் நின்றார்.

“இஞ்சருங்கோ, அந்த முகாம்காரருக்குப் போன் அடிச்சுச் சொல்லுங்கோ வாறமெண்டு,” என்றார் புஷ்பராணி.

“கார்?” என்றார் சிவநேசம். “காரில்லாமலோ போறியள்?”

“கார் உன்ரை பயத்துக்கு வாங்கினது அக்கா. அது உன்னோடை இஞ்சை நிக்கட்டும்.”

இரவிச்சந்திரன் தெருவோரம் போய் முதுகைக் காட்டி நின்று தொலைபேசியில் பிரெஞ்சிற் பேசினார். அவர் தோள் இரண்டும் குலுங்கின. சிரித்தாரா, வேறா என்று நான் உற்றுப்பார்க்கவில்லை. முழுப்படத்தை அன்று மாலையே கோயில் வட்சப் குழுவுக்கு அனுப்பினேன். கீழே என் பெயரையும் எழுதினேன். நால்வர் மட்டும் மறுமொழி எழுதினர். அவர்களுள் மூவர் என் பெருந்தன்மையைப் பாராட்டியிருந்தனர்! அம்மூவரையும் நினைக்க இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர்கள் புறப்பட்டார்கள். இரு மோட்டார் சைக்கிள்களும் தட்டில் ஏறியிருந்தன. வாசலிலிருந்து தெருவுக்கு வண்டி பின்னோக்கியே வரவேண்டும். காரில்லாததால் அது இப்போது எளிது. அயல்வீட்டார், உறவினர், தியாகராசா என்று பத்துப் பேர் தெருவில் நின்று, “வலப்பக்கம் ஒடிச்சு எடும்!”, “வரட்டும், வரட்டும்!”, “நில்லும் காணும்!” என்று கையை வீசிக் கத்தினார்கள்.

இரவிச்சந்திரன் யன்னலால் எட்டி என்னைப் பார்த்தார். “மாஸ்டர், நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“நீர் ஓடும் தம்பி,” என்றேன்.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு எடுத்தார்.